பதினோராவது பின்னில் பாட்டு

ஒயர் கட்டிக் கொடுக்கும் தொழிலில், கட்டின ஒயர் வேலை செய்கிற வரைக்கும் நம் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது நின்றுபோன அடுத்த நிமிஷம் நம் பெயரைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வராது. மிக்ஸி ரிப்பேர், தையல், பல் வைத்தியம் என்று நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும், உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு வாடிக்கையாளரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

நானும் நாகவேணியும் ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் ஒரே லைனில் நின்றவர்கள். கம்பெனி அந்த லைனை வேறு ஊருக்குக் கொண்டுபோனபோது, பாகலூர் ரோட்டை ஒட்டிய சந்தில் ஓர் அறையைப் பிடித்து, யாருக்கு எந்த ஒயர் வேண்டுமோ அதைக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தோம். எப்படியோ பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எங்களைத் தேடி வந்து சேர்ந்தார்கள். கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கியிருக்கும், டிவியில் மாட்டிக்கொள்ளலாம், அந்த ரகம். எங்களைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு அவற்றுக்கு. பெங்களூரிலும் ஓசூரிலும் அதைத் துடைத்து, துணி போர்த்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அதில் ஒரு மாடலுக்கு, சத்தம் வெளியே வர முதுகில் இரண்டு வட்ட சாக்கெட் உண்டு. இத்தனை வருஷத்தில் அவை துருப்பிடித்துப் போயிருக்கும். பெட்டியைத் திறந்து புது சாக்கெட் வைத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் யாரும் திறக்க விடமாட்டார்கள். உள்ளே இருக்கும் சவுண்டு சிப் இப்போது சுலபத்தில் கிடைக்காது. நாங்கள் அதைக் கழற்றிக்கொண்டு வேறொன்றை வைத்துவிடுவோம் என்று பயம். திறக்காமல் சத்தம் எடுக்க ஒரு வழி உண்டு. அதே முதுகில் இருபத்தைந்து பின் உள்ள சீரியல் போர்ட் இருக்கிறது. மோடத்தோடும் மற்ற மெஷின்களோடும் கம்ப்யூட்டர் பேசுவதற்கான வழி அது. செய்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அதன் பதினோராவது பின்னில் கம்ப்யூட்டரின் சத்தத்தை வெளியே விட்டிருக்கிறார்கள். பதினெட்டாவது பின்னில் வெளியிலிருந்து வரும் சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒன்பதிலும் பத்திலும் பன்னிரண்டு வோல்ட் கரண்ட். பத்து, பதினொன்றுக்கு ஒட்டின வீடு. சீரியல் போர்ட்டில் பாட்டு வரும் என்றால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் முறைப்பார்கள். நம்புகிற ஆள் ஒருவர்கூட இதுவரை வந்ததில்லை.

மீதிப் பாதி

பாலமுருகன் மதுரைப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். காலை முதல் மாலை வரை அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, "திறக்கக் கூடாதுக்கா, வெளியிலிருந்தே பண்ணுங்க" என்றார். பதினோராவது பின்னிலிருந்து ஒயர் எடுத்து ஸ்பீக்கரில் கொடுத்தேன். அவர் சின்ன வயதில் ஆடிய விளையாட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்து விநாடியில் கண்ணைத் திறந்தார். தாளம் வருகிறது, பாட்டைக் காணோம்.

"இந்தக் கம்ப்யூட்டர் சத்தத்தை இடது, வலதுன்னு ரெண்டாப் பிரிச்சு விடும் சார். பதினோராவது பின்ல இடதுபக்கத்தை மட்டும்தான் குடுத்திருக்காங்க. உங்க பாட்டு வலதுபக்கம் போயிடுச்சு. அது வேணும்னா பெட்டியைத் திறக்கணும்" என்றேன். திறப்பது என்றதும் அவர் முகம் மாறியது. மேஜைக்கு அடியில் பார்த்தார். நான் வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டுகளைப் பார்த்தார். நாகவேணியின் கையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் முழுக் கம்ப்யூட்டர்தானேக்கா குடுத்தேன். மீதிப் பாதிப் பாட்டை அடுத்த தடவைக்குன்னு எடுத்து வச்சிருக்கீகளா?"

மூன்றாவதும் நான்காவதும்

ஊத்தங்கரையில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் தங்கவேல் சார் போனில் அழைத்தார். அவரிடமும் இதே மாடல் இருக்கிறது, ஒயரைத் தானே கட்டிக்கொள்வார், எந்தப் பின் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வருவானேன் என்று நானும் விவரமாகச் சொன்னேன். ஈயம் வைக்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் மேல் வரிசையில் பதின்மூன்று பின் இருக்கும், அதில் வலது கோடியிலிருந்து மூன்றாவது. எழுதிக்கொள்ளச் சொல்லி, திரும்பப் படித்துக் காட்டவும் சொன்னேன். சரியாகத்தான் படித்தார்.

மறுநாள் மத்தியானம் நேரிலேயே வந்து நின்றார். கட்டைப்பையில் ஒரு ஸ்பீக்கர். 'டொப்' என்று ஒரே சத்தம், அதோடு போச்சாம். முகர்ந்து பார்த்தேன், உள்ளே கருகின வாசனை. அவர் கட்டின ஒயரை வாங்கிப் பார்த்தேன். ஈயம் அழகாக வைத்திருந்தார், நாகவேணியே பாராட்டினாள். ஆனால் வைத்தது நான்காவது பின்னில். அதாவது பத்தாம் நம்பர், பன்னிரண்டு வோல்ட் ஓடுகிற பின். "மூணாவதுன்னு நான் ரெண்டு தடவை சொன்னேனே சார்" என்றேன்.

"சொன்னீங்க. ஆனா தொழில் ரகசியத்தை யாரும்மா போன்ல இவ்வளவு சுலபமாச் சொல்வாங்க? நீங்க மூணாவதுன்னு சொன்னப்பவே அது மூணாவது இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார் தங்கவேல் சார்.

மாடி வீட்டம்மா

எங்கள் அறைக்கு மேலே குடியிருப்பவர் வீட்டுச் சொந்தக்காரர் சரோஜம்மா. வீட்டில் கன்னடம், என்னோடு தமிழ், நாகவேணியோடு தெலுங்கு என்று மூன்றிலும் சந்தேகப்படத் தெரிந்தவர். எங்கள் வாசலில் கர்நாடகா நம்பர் கார் வந்து நின்றால் மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் அவர் தலை தெரியும். காரிலிருந்து இறங்குகிறவர்கள் டவலில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். போகும்போதும் அதே மாதிரி. உள்ளே இருந்து கீச், கூச் என்று சத்தம் வேறு வரும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பெண்கள் என்னதான் செய்கிறார்கள் என்று தெருவில் மூன்று வீட்டில் விசாரித்துவிட்டாராம்.

ஒருநாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே வந்தார். ஒயர்க் கடையில் கறிவேப்பிலை ஏது? சரி, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று உட்காரவைத்தோம். டவலைப் பிரித்துக் காட்டினோம். "குழந்தை மாதிரி தூக்கிட்டு வர்றது இதையா?" என்று கேட்டுவிட்டு, தொட்டுப் பார்த்தார். நம்பிக்கை வரட்டும் என்று நாகவேணி ஒரு மைக்கைச் சின்ன ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, பதினெட்டாவது பின்னில் கொடுத்து, "பேசுங்கம்மா" என்றாள். சரோஜம்மா தயங்கித் தயங்கி "ஹலோ" என்றார். கம்ப்யூட்டர் மாட்டியிருந்த டிவியிலிருந்து அவர் குரலே "ஹலோ" என்றது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் மெதுவாக எழுந்து, மேலே கூரையைப் பார்த்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"அப்படின்னா இத்தனை நாளா மேல உட்கார்ந்து நான் பேசினதெல்லாம்?"

காணிக்கை நேரத்தில் தக்காளி

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கத்தோலிக்கக் கோவில். நானும் கிறிஸ்தவள் என்பதால் அங்கே பாடகர் குழுவை நடத்தும் ஆரோக்கியம் அண்ணன் எனக்குப் பழக்கம். கீபோர்டு வாசிக்கிற ஆள் வேலை கிடைத்துப் போய்விட்டதால், பாட்டுக்குப் பின்னணி இசையைத் தன் பழைய கம்ப்யூட்டரில் அடித்துவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பதினோராவது பின்னிலிருந்து எடுக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பாடகர்கள் உட்காரும் இடத்துக்கும் பீடத்துக்கு அருகே இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நாற்பது அடி. என்னைக் கேட்காமல் சாதாரண ஒயரை முறுக்கி நீட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசை. காணிக்கை நேரம், எல்லோரும் அமைதியாக இருக்கும்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் கன்னடத்தில் தக்காளி விலை வாசிக்க ஆரம்பித்தார். அடுத்து பீன்ஸ். அதற்கடுத்து கோஸ். ஃபாதர் திரும்பிப் பார்த்த பார்வையில் ஆரோக்கியம் அண்ணன் உறைந்துபோனார். அவர் கம்ப்யூட்டருக்குள் ரேடியோ ஒளித்துவைத்துப் பூசை நேரத்தில் கேட்கிறார் என்று ஃபாதருக்குச் சந்தேகம். அடுத்த வாரமும் விலை வந்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பாடகர் குழுவை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அண்ணன் எனக்குப் போன் செய்தார். இருபது வருஷமாக நடத்துகிற குழு.

ஞாயிற்றுக்கிழமை போய் ஃபாதர் முன்னாலேயே கம்ப்யூட்டரை அணைத்தேன். அப்போதும் ஸ்பீக்கரில் கன்னடம் வந்தது. நாற்பது அடி ஒயர் தானே ஏரியல் மாதிரி நின்று ரேடியோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டினேன். பின்னல் உறை போட்ட ஷீல்டு ஒயரை இழுத்து மாட்டியதும் நிசப்தம். ஃபாதர் நல்லவர், எல்லோர் எதிரிலும் ஆரோக்கியம் அண்ணனின் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஏழெட்டு விவசாயிகள் மரத்தடியில் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்: "ஒயரைச் சரிபண்ணிட்டீங்க, சந்தோஷங்க. சனிக்கிழமை அந்த விலை வாசிக்கிற நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் லூசா விட முடியுங்களா?"

அறுந்ததா, அறுத்ததா

இது கொஞ்சம் பெரிய கதை. ஓசூரில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனி. முதலாளி ஆரம்ப காலத்தில் வாங்கிவைத்த வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் அங்கே வேலை செய்கிறது. அதன் சீரியல் போர்ட்டிலிருந்து ஒரே ஒரு கேபிள். அதில் ஓர் ஒயர், எத்தனை பீஸ் ஓடியது என்று காட்டும் விளக்குப் பலகைக்குப் போகிறது. பதினோராவது பின்னின் ஒயர் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. டீ நேரம் முடிந்ததும் மணி அடித்து, முதலாளியே பேசிப் பதிந்த குரல் ஒலிக்கும்: "டீ குடிச்சாச்சா? வாங்க, வேலையைப் பார்ப்போம்." முதலாளி இப்போது கம்பெனிக்கு வருவதில்லை. குரல் மட்டும் தினமும் வரும். அந்தக் கேபிளை முந்தின வருஷம் கட்டிக் கொடுத்தது நான்.

ஒருநாள் மணியும் வரவில்லை, குரலும் வரவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் டீ குடித்துவிட்டு இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். லைன் நின்றுவிட்டது. எச்.ஆர். மேனேஜர் சந்திரமௌலி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கேட்டில் என் பையைக் கொட்டி, ஸ்க்ரூடிரைவர் மூன்று, ஈயச் சுருள் ஒன்று, கட்டர் ஒன்று என்று எழுதி, போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். உள்ளே சந்திரமௌலியின் அறைக்கு வெளியே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முருகேசன், சிங்காரப்பேட்டைக்காரர், ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்கிறவர். கம்ப்யூட்டர் இருந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

"மேடம், இது கிளியர் கேஸ்" என்றார் சந்திரமௌலி. "பலகை ஓடுது, சத்தம் மட்டும் கட். டீ டைமை இழுக்கறதுக்காகச் சவுண்டு ஒயரை மட்டும் குறிபார்த்து அறுத்திருக்காங்க. நீங்க பார்த்துட்டு, அறுத்திருக்குன்னு ஒரு லைன் எழுதிக் குடுங்க. ரெண்டு பேரையும் இன்னிக்கே அனுப்பிடறேன்." கேபிளின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பதினோராவது பின்னின் ஒயர் துண்டாகியிருந்தது உண்மை. ஆனால் கட்டரால் வெட்டினால் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் எல்லாம் ஒரே நீளத்தில் பளபளவென்று இருக்கும். இது அப்படி இல்லை. ஓர் இழை நீளம், ஓர் இழை குட்டை, நுனியெல்லாம் கறுத்திருந்தது. நாள்கணக்காக மடங்கி மடங்கி, ஒவ்வொன்றாக அறுந்த ஒயர். இதை நான் லைனில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் மறைப்பானேன், ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன். அறுந்தது என்று சொன்னால், கட்டினவள் நான். என் வேலை மட்டம் என்று ஆகும், இந்தக் கம்பெனி வாசலை இனி மிதிக்க முடியாது. அறுத்தது என்று எழுதினால் எனக்கு ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முருகேசன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார், இது யாரும் அறுத்தது இல்ல. தானா அறுந்தது" என்றேன்.

சந்திரமௌலி நாற்காலியில் சாய்ந்தார். "தானா அறுந்துச்சா? இருபத்தஞ்சு பின்ல கரெக்டா சவுண்டு பின் மட்டும்? மேடம், பதினோராவது பின்ல சத்தம் வரும்ங்கிற விஷயமே இந்தக் கம்பெனில யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க." சொல்லும்போதே அவருக்குப் புதிதாக ஒரு சந்தேகம் பிறந்ததைக் கண்ணால் பார்த்தேன். "சார், அப்போ அவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டேன். மேஜையைப் பார்க்க வேண்டும் என்றேன். போய்ப் பார்த்தால் மேஜை சுவரோடு ஒட்டி நெருக்கி வைக்கப்பட்டிருந்தது. கேபிள் சுவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நசுங்கி மடங்கியிருந்தது. மேஜை பழைய இடத்தில் இருந்ததன் அடையாளம் தரையில் தெரிந்தது. அங்கே இப்போது ஒரு புது வாட்டர் கூலர். ஒவ்வொரு தடவையும் யாராவது தண்ணீர் பிடிக்க மேஜையில் சாயும்போது ஒயர் ஒரு மடங்கு மடங்குகிறது. மடிப்பின் வெளி ஓரத்தில் பதினோராவது பின்னின் ஒயர் இருந்ததால் அது முதலில் போயிருக்கிறது. கூலரை அங்கே வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். கூட வந்த மெயின்டனன்ஸ் ஆள் சந்திரமௌலியைப் பார்த்தார், பிறகு வேகமாகக் கூரையைப் பார்த்தார்.

ஒயரை மாற்றிக் கட்டி, மடங்காத இடத்தில் பிடித்து வைத்தேன். முதலாளியின் குரல் வந்தது. சந்திரமௌலி நன்றி சொல்லவில்லை, அவர்கள் இரண்டு பேரையும் அனுப்ப அடித்துவைத்திருந்த கடிதங்களை என் எதிரிலேயே கிழித்தார், அது போதும். இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது முருகேசன் லைனில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, கையை ஆட்டிச் சொன்னார்: "எங்களை விட்டுட்டாங்கக்கா. இப்போ கேமரா வச்சு வாட்டர் கூலரைக் கண்காணிக்கறாங்க!"

நெயில் பாலிஷ்

ரகுநந்தன் பெங்களூரில் சாஃப்ட்வேர்க்காரர். பாதிப் பாட்டு போதாது, முழுசும் வேண்டும், அதனால் பெட்டியைத் திறந்துகொள்ளலாம் என்று சொன்ன முதல் ஆள். எங்களுக்கு ஒரே ஆச்சரியம். மனைவி வசுதாவோடு காரில் வந்து, தானே திறந்து, போர்டை மேலிருந்து, பக்கத்திலிருந்து, கோணலாக என்று முப்பது போட்டோ எடுத்தார். பிறகுதான் கவனித்தோம், உள்ளே ஒவ்வொரு சிப்பின் மூலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு.

"அடையாளம். மாத்தினா எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார் ரகுநந்தன். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை மட்டும் இல்ல, நான் பொதுவா யாரையும் நம்பறதில்ல." நாகவேணி ஈயம் வைக்கிற சால்ட்ரிங் அயர்னைத் துடைத்தாள். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த வசுதா தலையைத் தூக்கிப் பொட்டுகளைக் குனிந்து பார்த்தார். "ஓ, என் நெயில் பாலிஷ் போனது இங்கேயா? வேலைக்கார அம்மாவைக் கேட்டு ரெண்டு நாளா நான் சண்டை போட்டுட்டு இருக்கேன்."

நாகவேணியின் பை

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

வேலை முடித்து அனுப்பி மூன்றாம் நாள் ரகுநந்தன் எனக்குப் போன் செய்தார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மற்ற சிப்புகளில் பொட்டு இருக்கிறது, சவுண்டு சிப்பில் மட்டும் இல்லை என்றார். நாளைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டர்க்காரர்கள் குரூப்பில் எங்கள் கடைப் பெயரைப் போட்டுவிடுவார். அந்தக் குரூப்தான் எங்களுக்குச் சோறு. நான் அந்த சிப்பைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். சாக்கெட் மாற்றி, போர்டைச் சுத்தம் செய்தது நாகவேணி. அன்றைக்கு நான் பாதி நேரம் கூரியர் ஆபீசில் நின்றேன்.

பதினாலு வருஷம் ஒரே லைன். என் பிரசவத்துக்கு லீவு கிடைக்காதபோது என் பங்கையும் சேர்த்துக் கட்டியவள். அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் டீ வாங்கிவரப் போன சமயத்தில் ஆணியில் தொங்கின அவள் பையை எடுத்துத் திறந்தேன். டிஃபன் பாக்ஸ், சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, மடித்த குடை. ஓரத்து ஜிப்பையும் திறந்தேன். நிமிர்ந்தபோது நாகவேணி இரண்டு டீக் கப்புகளோடு வாசலில் நின்றாள்.

"என்ன தேடறே பிலோமினா?" வழக்கமாகப் பிலோ என்பாள்.

"ஈயச் சுருள்" என்றேன்.

"அது உன் கையிலேயே இருக்கு."

இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டீயை மேஜையில் வைத்தாள், என் போனை வாங்கி ரகுநந்தனுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "சார், அந்தச் சிப் பக்கத்துலதான் சாக்கெட். ஈயம் வச்ச அழுக்கு அங்க மட்டும் இருந்துச்சு, தின்னர் போட்டுத் துடைச்சேன். நெயில் பாலிஷ் தின்னர்ல போயிடும், உங்க வீட்டம்மாவைக் கேளுங்க. சிப் மேல நம்பர் அச்சடிச்சிருக்கும், அதை நீங்க எடுத்த போட்டோவோட வச்சுப் பாருங்க." அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். சிப்பின் விளிம்பில் இருந்த கீறல்கூடப் போட்டோவில் இருந்தது. "ஓ. சரி" என்று வைத்துவிட்டார். மன்னிப்பு கேட்கவில்லை. நான் கேட்டேன். நாகவேணி காதில் வாங்கவே இல்லை. டீ ஆறிப்போனது.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது அவள் தன் பையை மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி உள்ளே வைத்துக்கொண்டு போனாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். அதைவிட அவள் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று இருந்தது எனக்கு. நான்காம் நாள் அவள் பையை எடுக்கும் முன்னால் நான் என் பையை எடுத்து அதே மேஜையில் கவிழ்த்தேன். பர்ஸ், ஜெபமாலை, பாதி பிஸ்கட் பாக்கெட், கடைசியாக 'டங்' என்று ஒரு கட்டர் விழுந்தது. பச்சைக் கைப்பிடி, நுனியில் 'நா' என்று கீறியிருந்தது. எந்த அவசரத்தில் எப்போது அள்ளிப் போட்டுக்கொண்டேனோ, தெரியாது.

நாகவேணி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாள் அடக்கிவைத்த சிரிப்பு பொத்துக்கொண்டு வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடிப்பாவி பிலோ, இதை வித்துக் குடிச்சுட்டார்னு ரெண்டு மாசமா எங்க வீட்டுக்காரரோட நான் பேசவே இல்லைடி!"

இருபத்தைந்து பின்னில் எதில் கரண்ட் வரும், எதில் பாட்டு வரும் என்று இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எதிரில் நிற்கிற ஆளுக்கு எந்த நிமிஷம் சந்தேகம் வரும் என்பதற்குத்தான் இன்னும் எனக்கு டயக்ராம் கிடைக்கவில்லை.